அழ வைக்கிற செடி, அழ வைக்காத செடி

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என் தங்கச்சி போன் பண்ணினா. எடுத்தா அவ பேச்சே வரலை, பின்னாடி குழந்தை வீல்னு கத்துறது மட்டும்தான் கேக்குது. ஒன்றரை வயசுப் பாப்பா, ஹால் மூலைல இருந்த தொட்டிச்செடியோட இலையை எட்டிப் புடிச்சு ஒரு கடி கடிச்சிருக்கா. "என்ன செடிடி அது?"ன்னேன். "தெரியலக்கா, வீட்டுக் காத்தைச் சுத்தம் பண்ணும்னு நர்சரில குடுத்தாங்க"ன்னு அழறா.

வீடியோ கால் போடச் சொன்னேன். பாப்பா வாய் ஓரமா எச்சில் கயிறு மாதிரி ஒழுகுது. நாக்கை வெளிய நீட்டி, விரலால சுரண்டிச் சுரண்டிப் பாக்குறா. கீழ் உதடு கொஞ்சம் தடிச்சிருக்கு. செடியைக் காட்டச் சொன்னதும் தெரிஞ்சுபோச்சு. அகலமான பச்சை இலை, நடுவுல பால் தெளிச்ச மாதிரி வெள்ளை. டீஃபன்பேக்கியா. பாதி அபார்ட்மென்ட் வரவேற்பறைல நிக்கிற அதே செடிதான்.

"மூச்சு சீரா விடுறாளா? அழுகைக் குரல் எப்பவும் போலத்தான் இருக்கா? எச்சில் முழுங்க முடியுதா?" இந்த மூணையும்தான் முதல்ல கேட்டேன். மூணும் சரியா இருந்துச்சு. ஈரத்துணியால வாய்க்குள்ள, ஈறு, நாக்கு எல்லாம் மெல்ல துடைக்கச் சொன்னேன். ஒட்டியிருந்த இலைத்துணுக்கு ரெண்டு வந்துச்சு. அப்புறம் ஃபிரிட்ஜ்ல இருந்த தயிர், சின்ன ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா. அதுக்கப்புறம் அந்த இலையை ஒரு கவர்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அங்க டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "என்ன செடி?"தானாம். கவரை நீட்டினதும் அவருக்கு வேலை பாதி குறைஞ்சுது. ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சுப் பாத்துட்டு அனுப்பிட்டாங்க. மறுநாள் பாப்பா இட்லி சாப்பிட்டா.

அன்னைக்கு ராத்திரி தங்கச்சிக்கு உக்காந்து சொன்னதையெல்லாம்தான் இப்ப உங்களுக்கும் சொல்றேன்.

அந்த இலைல என்ன இருக்குன்னு புரிஞ்சுக்க லேபுக்குப் போக வேண்டாம், அடுப்படிக்கு வந்தா போதும். சேனைக்கிழங்கு நறுக்கினா கை ஏன் அரிக்குது? சேப்பங்கிழங்கு சரியா வேகலைன்னா தொண்டை ஏன் கரகரங்குது? கால்சியம் ஆக்ஸலேட். கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான படிகம், கட்டுக்கட்டா செல்லுக்குள்ள அடுக்கி வெச்சிருக்கும். கடிச்சு நசுக்கினதும் அந்த ஊசியெல்லாம் சீறி வெளிய வந்து நாக்கு, கன்னம், தொண்டைன்னு குத்தும். எங்க அமுச்சி பிடிகருணையை வாங்கின அன்னிக்கே சமைக்க மாட்டாங்க. மூலைல போட்டு நல்லா பழசாக விட்டு, அரிசி கழுவின தண்ணில வேகவெச்சு, புளி ஊத்திக் குழம்பு வெப்பாங்க. அரிப்பை அடக்க அவங்க கண்டுபுடிச்ச வழி அது.

நாம வீட்டுக்குள்ள அழகுக்கு வெக்கிற செடில பெரும்பங்கு இந்தச் சேம்புக் குடும்பம்தான். டீஃபன்பேக்கியா, மணி பிளான்ட், சிங்கோனியம், அக்லோனிமா, கலேடியம், பீஸ் லில்லி, ஆந்தூரியம், மான்ஸ்டெரா, ஃபிலோடென்ட்ரான், இப்ப புதுசா எல்லாரும் வாங்குற ஸீஸீ பிளான்ட், எல்லாம் சேனைக்கிழங்குக்குச் சொந்தக்காரங்க. மணி பிளான்ட்டைத் திருடி வெச்சாத்தான் காசு வரும்னு சொல்லிக்கிட்டு ஒருத்தர் வீட்ல இருந்து ஒருத்தர் கிள்ளிக்கிட்டு வர்றோமே தவிர, அது சேம்பு ஜாதின்னு யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல. காத்துச் சுத்தம் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். 1989ல நாசா செஞ்ச ஒரு ஆராய்ச்சியைத்தான் எல்லாரும் காட்டுறாங்க. அது அடைச்ச சின்னப் பெட்டிக்குள்ள செடியை வெச்சுப் பாத்தது. ஜன்னலும் ஃபேனும் இருக்குற உங்க ஹால்ல நாலு தொட்டி வெச்சா அதே மாதிரி நடக்கும்னு நம்பி வாங்காதீங்க. அழகா இருக்குன்னு வாங்குங்க, போதும்.

இதுல நான் பெருசா பயப்படறதில்ல. ஏன்னா இந்தச் செடி கடிச்ச அந்த நிமிஷமே அழ வெச்சுடும். ரெண்டாவது வாய் எந்தக் குழந்தையும் கடிக்காது. வலி அதிகமா இருக்கும், உதடு வீங்கும், சிலதுக்கு வாந்தி, வயித்துவலி வரும், பெரும்பாலும் அதோட சரி. நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சுக்குத் திணறுனாத்தான் ஆபத்து. அப்படி இருந்தா தயிர் தேடிக்கிட்டு நிக்காதீங்க, நேரா 108.

என் பயமெல்லாம் அழ வைக்காத செடி மேலதான். வாயில போட்டா ஒண்ணும் தெரியாது, சில சமயம் ருசியாக்கூட இருக்கும், குழந்தை பாட்டுக்கு விளையாடிக்கிட்டு இருக்கும். நாமளும் "ஒண்ணும் ஆகலை"ன்னு நிம்மதியா இருப்போம். அப்புறம்தான் வயித்தைப் புரட்டும்.

காட்டாமணக்கை எடுத்துக்கோங்க. எங்க ஊர்ல வேலி முழுக்க அதுதான். இலைக்காம்பைக் கிள்ளினா பால் வரும். அந்தக் கிள்ளின எடத்துல படலம் மாதிரி நிக்கிறதை ஊதினா சோப்பு முட்டை மாதிரி பறக்கும். நானும் தங்கச்சியும் ஊதாத நாள் இல்ல. அந்தச் செடியோட விதை கறுப்பா, வழவழன்னு இருக்கும். உடைச்சா உள்ள வெள்ளைப் பருப்பு, ருசி கிட்டத்தட்ட வேர்க்கடலைதான். அதனாலதான் பள்ளிக்கூடப் பசங்க கூட்டமாத் தின்னுட்டு கூட்டமா வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்கு வர்ற செய்தி அப்பப்ப பேப்பர்ல வருது. வாந்தியும் பேதியும் நிக்காமப் போய் உடம்புல தண்ணி வத்திடும். குளுக்கோஸ் ஏத்தினா பெரும்பாலும் தேறி வந்துடுவாங்க. ஆனா "பசங்க வாந்தி எடுத்தா சரியாப் போயிடும்"னு வீட்லயே வெச்சிருக்கற விஷயம் இல்ல இது.

ஆமணக்கு இன்னும் ஒரு படி மேல. "விளக்கெண்ணெய் குடிச்சு வளர்ந்த உடம்பு, ஆமணக்கு என்ன பண்ணும்?"னு ஒரு அக்கா என்கிட்டயே கேட்டாங்க. எண்ணெய்ல அந்த விஷம் வராது. ரிசின்கிறது எண்ணெய்ல கரையாத சரக்கு, பிழிஞ்ச பிறகு புண்ணாக்குலயே தங்கிடும். இங்கதான் மாடித்தோட்டக்காரங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். ஆமணக்குப் புண்ணாக்கை உரமாப் போடுறீங்கன்னா, நாய் வளர்க்கிற வீட்ல அது வேண்டவே வேண்டாம். அந்த வாசனைக்கு நாய் மண்ணைத் தோண்டித் தின்னும். வாந்தி, ரத்தப்பேதின்னு போய் உயிரே போகலாம். வேப்பம் புண்ணாக்கோ, மக்கின சாணியோ போட்டுக்கலாம்.

குன்றிமணி பத்தி நம்ம ஊர்ல பேசாம இருக்க முடியாது. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் வாங்கினா, அந்தச் சிவப்பும் கறுப்புமான கண்ணு இருக்கே, அதேதான். முழுசா முழுங்கினா ஓடு ரொம்பக் கெட்டி, பெரும்பாலும் அப்படியே மலத்துல வந்துடும். கடிச்சு உடைச்சாலோ, ஏற்கெனவே ஓட்டை போட்டதா இருந்தாலோதான் வினை. மாலை, கைக்காப்புன்னு கோத்து விக்கிறதெல்லாம் ஓட்டை போட்டதுதான், அதை யோசிச்சுப் பாருங்க. எங்க வீட்ல பிள்ளையாரைக் கரைக்கிறதுக்கு முன்னாடி கண்ணு ரெண்டையும் எடுத்து எண்ணி ஒரு டப்பால போட்டு மேல வெச்சுடுவேன். மாமியார் சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

அடுத்தது நம்ம மாநிலப் பூ, செங்காந்தள். நாங்க தாராபுரத்துப் பக்கம், மூலனூர். அங்க இதுக்குக் கண்வலிக்கிழங்குன்னுதான் பேரு. விதைக்காக ஏக்கர் கணக்குல போடுவாங்க. பூத்த காலத்துல காலைலயே காட்டுக்குப் போய், மகரந்தத்தைக் கையாலயே பூப்பூவாத் தொட்டு வெப்பாங்க, அப்பத்தான் காய் நிக்கும். அப்பா எங்களுக்குப் போட்ட சட்டம் ஒண்ணே ஒண்ணு: அந்தக் காட்டுல எந்தக் கிழங்கையும் தோண்டாதே, வந்ததும் கை கழுவாம சோத்துல கை வெக்காதே. கிழங்கு வளைஞ்சு ரெண்டு கொம்பு மாதிரி பிரிஞ்சிருக்கும். அதனால கலப்பைக்கிழங்குன்னும் சொல்வாங்க. மண்ணோட பாத்தா வள்ளிக்கிழங்குன்னு நினைச்சுடலாம். இலங்கைல அப்படித் தவறா வேகவெச்சுச் சாப்பிட்டவங்க உண்டு. உள்ள இருக்கறது கால்சிசின். மூட்டுவலி டாக்டர் கௌட் வாதத்துக்கு எழுதித் தர்ற மாத்திரைலயும் அதேதான், ஆனா அங்க அளவு அரை மில்லிகிராம். கிழங்குல எவ்வளவு இருக்குன்னு யாரு அளந்து தின்னப் போறாங்க? தின்னு சில மணி நேரம் எதுவுமே தெரியாது. அப்புறம் காலரா மாதிரி வாந்தி பேதி புடிக்கும். அது நின்ன பிறகும் விடாது, ரத்தத்துல அணுக்கள் குறையும், ஒரு வாரம் பத்து நாள்ல முடி கொத்துக் கொத்தாக் கொட்டும். அழகுக்குத் தொட்டில வெச்சிருக்கீங்கன்னா தாராளமா வெச்சுக்கோங்க, கிழங்கை எடுத்து மாத்தி நடுற அன்னைக்கு மட்டும் குழந்தையை உள்ள விட்டுட்டு வேலை பாருங்க.

கிழங்குன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. ரெண்டு வருஷம் முன்னாடி பக்கத்து வீட்டம்மா ரெயின் லில்லிக் கிழங்கு பத்துப் பதினஞ்சு பேப்பர்ல சுத்திக் குடுத்தாங்க. நான் அவசரத்துல சமையல் மேடைல, வெங்காயக் கூடைக்குப் பக்கத்துல வெச்சுட்டேன். பேப்பர் பிரிஞ்சு ரெண்டு மூணு கூடைக்குள்ள உருண்டிருக்கு. சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்த மாமியார் ஒண்ணை உரிச்சு, மூக்குகிட்ட கொண்டுபோய், "என்னம்மா இது, வெங்காயத்துக்கு வாசனையே இல்ல, கண்ணும் எரியல?"ன்னாங்க. ரெயின் லில்லி, ஸ்பைடர் லில்லி எல்லாத்துலயும் லைகோரின்னு ஒரு சரக்கு இருக்கு. தின்னா வயித்தைப் புரட்டி வாந்தி எடுக்க வைக்கும். அன்னைல இருந்து விதை, கிழங்கு, உரம் எதுவும் அடுப்படிக்குள்ள வர்றதில்ல. செடி வெட்டுற கத்தியும் தனி.

அரளிக்கு வர்றேன். செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி, எதுவா இருந்தாலும் இலை, பூ, விதை, பால், எல்லாமே விஷம். முதல்ல வாந்தி, வயித்துவலின்னு சாதாரண அஜீரணம் மாதிரிதான் வரும். ஆனா அது போய்த் தாக்கறது இதயத்தை. துடிப்பு தாறுமாறாப் போகும். 2024 மே மாசம் கேரளத்துல திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நைவேத்தியத்துலயும் பிரசாதத்துலயும் அரளிப்பூ சேர்க்கக் கூடாதுன்னு நிறுத்தினாங்க. நாம சாமிக்குப் போடறதை நிறுத்த வேண்டாம். ஆனா பிரசாதத் தட்டுல பொங்கலுக்கு மேல அரளி வெக்கிற பழக்கம் இருந்தா அதை விட்டுடுங்க, துளசி வெச்சுக்கலாம். மஞ்சள் அரளிக் காயை வெச்சுப் பசங்க விளையாடுவாங்க, அதுதான் எனக்கு ரொம்பக் கவலை. நர்சரில குட்டை மரம் மாதிரி, அடி பருத்து, ரோஸ் கலர்ல பூக்குற அடீனியமும் இதே வகை விஷம்தான். இந்த ரெண்டுல எதையாவது குழந்தை வாயில போட்டுச்சுன்னா, நல்லாத்தானே இருக்குன்னு காத்திருக்காதீங்க. ஈ.சி.ஜி. எடுக்கிற வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க.

சின்னச் சின்னதா சிலது. அலமண்டாவோட மஞ்சள் பூவும் பாலும் பேதி புடுங்கும். உண்ணிச்செடியோட பச்சைக் காயைப் பசங்க பறிக்காம பாத்துக்கோங்க. ஸ்நேக் பிளான்ட் சாப்பிட்டா குமட்டலும் பேதியும் வரும், அதோட விட்டுடும். கள்ளி வகைப் பால் வாயைப் புண்ணாக்கும், கண்ணுல பட்டா இன்னும் மோசம்.

சோத்துக்கற்றாழை விஷச்செடி இல்லையேம்பீங்க. இல்லதான், ஆனா மடலை வெட்டினதும் தோலுக்கடியில இருந்து மஞ்சளா ஒரு பால் வடியும் பாருங்க, அது கடும் பேதி மருந்து. அமெரிக்காவுல 2002ல கடைல நேரா வாங்குற மலமிளக்கி மருந்துகள்ல அதைச் சேர்க்கக் கூடாதுன்னே தடுத்துட்டாங்க. வெட்டின மடலைக் கொஞ்ச நேரம் சாய்ச்சு நிக்க வெச்சு மஞ்சள் பால் வடிஞ்ச பிறகு, தோலைச் சீவி, உள்ள இருக்குற சோத்தைத் திரும்பத் திரும்பத் தண்ணில அலசணும். ஏழு தண்ணி கழுவணும்னு பெரியவங்க சொல்றது இதுக்குத்தான். கர்ப்பமா இருக்குறவங்க குடிக்கவே வேண்டாம். வாட்ஸ்அப்ல வந்துச்சுன்னு தினம் காலைல வெறும் வயித்துல ஒரு டம்ளர் குடிச்சுட்டு, "அக்கா, வயிறு சுத்தமாகுது"ன்னு சொல்றவங்ககிட்ட நான் என்ன சொல்றது? அது சுத்தமில்லம்மா, குடல் எரிச்சல்.

மாடித்தோட்டத்துச் சுரைக்காயும் இந்தக் கணக்குல வரும், யாரும் நினைக்க மாட்டாங்க. வழக்கமா இனிப்பா இருக்குற சுரை, சில காய் மட்டும் கசக்கும். அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின். பச்சையா ஜூஸ் போட்டுக் குடிச்சு ரத்த வாந்தி எடுத்தவங்க உண்டு, இறந்தவங்களும் உண்டு. ஐ.சி.எம்.ஆர். நிபுணர் குழு இதை ஆராய்ஞ்சு, கசந்தா குடிக்காதீங்கன்னு சொல்லியிருக்கு. வேகவெச்சாலும் அந்தக் கசப்பு போகாது. அதனால நறுக்கின உடனே ஓரத்துல ஒரு சின்னத் துண்டு நாக்குல வெச்சுப் பாருங்க. கசந்தா துப்பிட்டு, வாயைக் கொப்பளிச்சுட்டு, காயைக் குப்பைல போட்டுடுங்க. நம்ம கையால தண்ணி ஊத்தி வளர்த்த காயாச்சேன்னு மனசு வராது. எனக்கும் வரலை, ஒரு தடவை கூட்டு வெச்சுப் பாத்துட்டு சட்டியோட கொட்டினேன்.

இனி, ஏதாவது நடந்துபோச்சுன்னா என்ன செய்யணும்கிறது.

வாந்தி எடுக்க வைக்காதீங்க. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும், உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி, புளிக்கரைசல், தொண்டைல விரல்னு ஒரு கூட்டமே வந்து நிக்கும். அதுலயும் சாணிக்கரைசல்னு ஒரு பெரியவர் வருவார். அரிக்கிற ஊசி ஒரு தடவை உள்ள போனது போதாதா, திரும்ப மேல வரும்போது இன்னொரு தடவை குத்தணுமா? வாந்தி மூச்சுக்குழல்ல போனா அது விஷத்தைவிட அவசரம். உப்புத் தண்ணி குழந்தைக்கு அதுவே தனி விஷம். அடுப்புக்கரியைத் தேச்சுக் குடுக்கறதும் வேண்டாம், ஆஸ்பத்திரில குடுக்குற கரி வேற சரக்கு.

வாயில இருக்கறதை எடுங்க, துடைங்க, கொப்பளிக்கத் தெரிஞ்ச குழந்தைன்னா கொப்பளிக்கச் சொல்லுங்க. கையையும் கழுவுங்க, அதே கையாலதான் அடுத்து கண்ணைக் கசக்கும். சேம்பு வகைச் செடின்னா ஜில்லுனு தயிரோ பாலோ கொஞ்சம் குடுக்கலாம். விதை, கிழங்கு, அரளி வகைன்னா எதையும் குடுக்காம கிளம்புங்க. எத்தனை மணிக்குத் தின்னுச்சு, எவ்வளவு இருக்கும்னு போன்லயே குறிச்சுக்கோங்க, டாக்டர் கேப்பார். செடியோட ஒரு கிளை, இலை, காயோட கவர்ல போட்டு எடுத்துக்கோங்க. டெல்லி எய்ம்ஸ்ல தேசிய நஞ்சுத் தகவல் மையம் இருக்கு, 1800 116 117, ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம். 108ஐயும் இதையும் ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சுடுங்க, போனுக்குள்ள இருந்தா அந்த நேரத்துல கை நடுங்கித் தேட முடியாது.

செடியை எல்லாம் தூக்கிப் போடுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். எங்க வீட்லயே 40 தொட்டி இருக்கு. தவழ்ற குழந்தை இருக்குற ரெண்டு மூணு வருஷம் இடத்தை மட்டும் மாத்துங்க. மேஜை மேல வெச்சா போதாது, மணி பிளான்ட் கொடி கீழ தொங்கும், அதைப் புடிச்சு இழுத்தா தொட்டியோட வரும். கவாத்து பண்ணினா தரைல விழுந்த துணுக்கை உடனே கூட்டுங்க. கீழ குழந்தைக்கு எட்டுற எடத்துல கறிவேப்பிலை, கற்பூரவல்லி, துளசி, செம்பருத்தின்னு வெச்சுடுங்க, கிள்ளித் தின்னாலும் கவலை இல்ல. அப்புறம் வாங்கும்போதே நர்சரில பேரு கேளுங்க. "ஷோ பிளான்ட் மேடம்"னா விடாதீங்க, சரியான பேரை ஒரு துண்டு மாஸ்கிங் டேப்ல எழுதித் தொட்டில ஒட்டுங்க.

தங்கச்சி அதைச் செஞ்சுட்டா. போன வாரம் வீட்ல இருந்த 11 தொட்டியையும் வரிசையா நிக்க வெச்சு, பேர் ஒட்டி போட்டோ அனுப்பினா. பத்துல பேரு இருக்கு. பதினொண்ணாவதுல, பச்சைல ஊதாக் கோடு போட்ட ஒரு சின்னச் செடில, "அக்காவைக் கேக்கணும்"னு எழுதியிருக்கு. எனக்கும் தெரியலை. அதை இப்போதைக்கு பீரோ மேல ஏத்தி வெச்சிருக்கா.